முப்பத்து நான்கு வினாடி

பாறசாலை
17 ஜூலை 2024

அன்புள்ள தாசுக்கு,

என் போன் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதாக லீலாபாய் சொன்னாள். உனக்குத் தெரியாமல்தான் சொன்னாள். அதற்காக உன் மனைவியைத் திட்டாதே. தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

ஆம், உன் பள்ளி மேலாளர் ராபின்சனுக்கு எழுதியது நான்தான். முப்பத்தோரு வருடம் போஸ்ட் ஆபீசில் வேலை பார்த்தவள் மொட்டைக் கடிதம் எழுத மாட்டாள். பெயரும் முகவரியும் போட்டே எழுதினேன். மூன்றே வாக்கியம். "என் தம்பி விஜயதாஸ் நல்ல டிரைவர். ஆனால் இப்போது பகலில் தன்னை அறியாமல் தூங்கிவிடுகிறான். டாக்டர் பார்த்துச் சொல்லும்வரை பஸ்ஸை அவனிடம் கொடுக்க வேண்டாம்."

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, உன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டோம். நீ கை கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாய். ஐந்து நிமிடத்தில் குறட்டை. லீலாபாய் சிரித்தாள். "மைனி, கேட்டீங்களா, செண்டைமேளம் தொடங்கியாச்சு." பிறகு மேளம் நின்றது. அவளுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. உன் நெஞ்சு ஏறி இறங்கியது, வாய் திறந்திருந்தது, ஆனால் மூச்சு வரவில்லை. உன் அத்தானின் வாட்ச் என் கையில் இருந்தது. பார்த்தேன். முப்பத்து நான்கு வினாடி. அதன் பிறகு கிணற்றிலிருந்து தூக்கிப்போட்டவனைப் போல ஒரு பெரிய மூச்சு. சாயா வருவதற்குள் இப்படி ஆறு தடவை.

அன்று மாலை காரில் என்னைக் கொண்டுவிட வந்தாயே, ரயில்வே கேட்டில் நின்றோமே. கேட் திறந்தது. எதிரே இருந்து நான்கு வண்டிகள் கடந்து போயின. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்தார்கள். "எலே தாசு, நீ உறங்குதியா?" என்று கேட்டேன். "இல்லக்கா, சும்மா கண்ண மூடினேன், அவ்வளவுதானாக்கும்" என்றாய். அதற்குப் பிறகு மூன்று தடவை போனில் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். மூன்று தடவையும் "பாக்கலாம்". உன் பஸ்ஸில் நாற்பத்திரண்டு குழந்தைகள் தாசு. உன் "பாக்கலாம்" முடியும்வரை நான் காத்திருக்க முடியாது.

இப்போது ரதீஷ் ஓட்டுகிறான். எட்டு பத்துக்கு என் கேட்டைக் கடக்கிறான். உன்னைப் போல இரண்டு ஹாரன் அடிக்க அவனுக்குத் தெரியாது. நான் வழக்கம்போல வெளியே வந்து, செய்தித்தாள் எடுக்க வந்தவளைப் போல நிற்கிறேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கோபம் தணிந்ததும் பதில் எழுது.

உன் அக்கா,
விமலகுமாரி


ஒற்றசேகரமங்கலம்
2.8.2024

அக்காவுக்கு,

கோபம் தணியவில்லை. தணியாமலேயே எழுதுகிறேன். போனில் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். தமிழ் எழுதிப் பல வருஷம் ஆயிற்று, மலையாளம் கலந்து வந்தால் சிவப்பு மை போடாதீர்கள்.

இருபத்தொன்பது வருஷம் ஆனவண்டி ஓட்டினேன். நெற்றியில் ஆனைப் படம் போட்ட அந்த சர்க்கார் பஸ்ஸை மலையிலும் மழையிலும் ஓட்டியிருக்கிறேன். ஒரு கோழியைக்கூட அடித்தது இல்லை. ரிட்டையரான பிறகு இந்த ஸ்கூல் பஸ். குழந்தைகள் ஏறும்போது "குட் மார்னிங் மாமா" என்று சொல்லும். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருப்பது. ஒரு கடிதத்தில் அதை வாங்கிவிட்டீர்கள்.

சபையில் எல்லோரும் கேட்கிறார்கள். "விஜயதாசண்ணே, சுகமில்லியா? என்ன தீனம்?" நான் என்ன பறைய? எனக்குக் கூர்க்கம் உண்டு, அதனால் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பறையவா? நம் அப்பா குறட்டை விட்டார். சித்தப்பா விட்டார். அத்தான் குறட்டை விட்டால் பக்கத்துப் புரையிடத்து நாய் எழுந்து குரைக்கும். அவர்களையெல்லாம் யார் ஆஸ்பத்திரியில் போட்டார்கள்? எனக்கு சுகர் உண்டு, பிரஷர் உண்டு, நாலரைக்கு எழும்புகிறேன். சீணம் வராதா? அசதி இல்லாத டிரைவர் எங்கே இருக்கிறான்?

அப்புறம், தூக்கத்தைப் பற்றிச் சொல்ல நீங்கள் யார்? போன மாதம் ஆராதனையில் பிரசங்கத்துக்கு நடுவில் உங்கள் பாட்டுப் புத்தகம் கீழே விழுந்த சத்தம் பின்வரிசை வரை கேட்டது. லீலாபாய் பார்த்தாள். நானும் பார்த்தேன். உங்களைப் பற்றி நான் போதகருக்குக் கடிதம் எழுதினேனா?

அத்தானின் வாட்சை வைத்து என் மூச்சை அளக்க வேண்டாம்.

விஜயதாஸ்


பாறசாலை
6 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தாசுக்கு,

பாட்டுப் புத்தகம் கை வழுக்கி விழுந்தது. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

அத்தானை யார் ஆஸ்பத்திரியில் போட்டார்கள் என்று கேட்டாய். இதை நான் எழுதாமல் விட்டால் நீ இப்படியே கேட்டுக்கொண்டிருப்பாய். ஆகவே எழுதுகிறேன். படித்துவிட்டு லீலாபாயிடம் கொடுக்காதே. கிழித்துவிடு.

நாகர்கோவில் கான்வென்ட் விடுதியில் எங்களைச் சுவர்ப் பக்கம் திரும்பி, கையைப் போர்வைக்கு வெளியே வைத்து, சத்தமில்லாமல் படுக்கப் பழக்கினார்கள். தூக்கத்தில் சத்தம் போட்ட பெண் மறுநாள் எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே உன் அத்தானின் குறட்டை எனக்கு ஒரு கெட்ட பழக்கமாகத்தான் பட்டது, சாப்பிடும்போது சத்தமாய் உறிஞ்சுவதைப் போல. முழங்கையால் இடித்தேன். தலையணையை மாற்றினேன். தொண்ணூற்றெட்டில் அவரை முன்னறைக்கு மாற்றிவிட்டேன். வெளியூர்க் கல்யாணங்களுக்குப் போனால் அவர் அங்கே தங்க மாட்டார். எந்நேரமானாலும் திரும்பிவிடுவார். "வீட்டுச் சாப்பாடு இல்லாவிட்டால் எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று எல்லோரிடமும் சொல்வார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். நான்தான் அவரை அவ்வளவு வெட்கப்பட வைத்திருந்தேன்.

பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். சோம்பேறி என்பேன். ஒருநாள் அவராகவே, "விமலா, டாக்டரிடம் ஒரு தடவை காட்டலாமா? காலையில் எழும்பும்போது தூங்கின மாதிரியே இல்லை" என்றார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "குறட்டைக்கு யாராவது டாக்டரைப் பாப்பாங்களா? நாலு பேரு சிரிப்பாங்க." அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

2016 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை காபியோடு முன்னறைக்குப் போனேன். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அதற்குக் குறட்டைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆகவே அது நிச்சயம் என்று நானும் சொல்ல மாட்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான். முந்தின இரவு சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அதனால் நான் நன்றாகத் தூங்கினேன்.

எட்டு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

உன் முப்பத்து நான்கு வினாடியை நான் ஏன் எண்ணினேன் என்று இப்போது உனக்குத் தெரியும். இந்தத் தடவை காபியோடு வருகிறவள் லீலாபாயாக இருக்கக் கூடாது. உனக்கு என்மேல் வாழ்நாள் முழுவதும் கோபம் இருக்கட்டும், அந்த வாழ்நாள் நீளமாக இருந்தால் போதும்.

அக்கா


ஒற்றசேகரமங்கலம்
11.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு ஒன்றும் எழுத முடியவில்லை. அடுத்த நாளும் முடியவில்லை. "என்ன எழுதியிருக்கு?" என்று லீலாபாய் கேட்டாள். "அக்காவுக்குக் கால்வலி" என்றேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை. கிழிக்க மனம் வரவில்லை. பைபிளில் வைத்திருக்கிறேன்.

அத்தான் என் வீட்டில் ஒருநாளும் தங்காததற்கு நான் வேறு காரணம் நினைத்திருந்தேன் அக்கா. நம் வீடு சிறிது, அவருக்குப் பிடிக்கவில்லை என்று. பாவம் மனுஷன்.

போன வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையிலும் தாடையிலும் நெஞ்சிலும் காலிலும் வயர் ஒட்டி, "இனி உறங்கணும் சேட்டா" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை வயரோடு எவன் உறங்குவான் என்று நினைத்தேன். நினைத்தது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. காலையில் டாக்டர் காகிதத்தைக் காட்டினார். ஒரு மணி நேரத்துக்கு நாற்பத்தோரு தடவை மூச்சு நிற்கிறது. மூச்சு நிற்கும்போதெல்லாம் மூளை பதறி எழுந்துகொள்கிறதாம், நமக்குத் தெரியாமலே. "நீங்கள் ராத்திரி உறங்குவதே இல்லை, அதனால்தான் பகலில் இழுக்கிறது. வண்டி ஓட்டவே கூடாது" என்றார். "அதிகமா நின்னது எவ்வளவு நேரம்?" என்று லீலாபாய் கேட்டாள். ஐம்பத்திரண்டு வினாடி. அவள் என் கையைப் பிடித்தவள் பஸ் ஸ்டாண்டு வரை விடவில்லை. செண்டைமேளம் என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டாள்.

தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கிறதாம். அதற்கு ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், மேசைமேல் பெட்டி. காற்றை ஊதி வழியைத் திறந்து வைக்குமாம். ஆனவண்டி ஓட்டினவனுக்குக் கடைசியில் தும்பிக்கையும் கிடைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். சுமி வீடியோ காலில் பார்த்துவிட்டு, "அப்பா, விண்வெளிக்குப் போறீங்களா?" என்று கேட்கிறாள். பெற்ற மகள்!

உண்மையைச் சொல்கிறேன், ஆறு நாளாய் அரை மணி நேரத்துக்கு மேல் அதைப் போட முடியவில்லை. கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. பிடுங்கி எறிந்துவிடுகிறேன். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டால் மட்டுமே டாக்டர் எழுதிக் கொடுப்பார், அதன் பிறகே பஸ் என்று ராபின்சன் சார் சொல்லிவிட்டார்.

நான் போடுகிறேன் அக்கா. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீங்கள் ரத்தம் பரிசோதிக்க வேண்டும். சபைப் படிக்கட்டு பன்னிரண்டு. அதில் மூன்று இடத்தில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்க்கிறீர்கள். யாரும் கூப்பிடுவதில்லை. மே மாதத்தில் ஸ்வெட்டர் போடுகிறீர்கள். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது. நீங்கள் மட்டுமா எண்ணுவீர்கள்? எனக்கும் எண்ணத் தெரியும்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன்.

தாசு


பாறசாலை
15 செப்டம்பர் 2024

அன்புள்ள தாசுக்கு,

எண்ணைத் திறந்தாலும் போனில் பேச மாட்டேன். போனில் "போட்டேன்" என்று பொய் சொல்வது எளிது. எழுத்தில் உனக்குக் கை வராது.

பஸ் ஸ்டாண்டு வரை லீலாபாய் கையை விடவில்லை என்று எழுதினாயே, அதை இரண்டு தடவை படித்தேன்.

என் அசதியைப் பற்றி. எனக்கு எழுபத்து மூன்று வயது. படியில் நிற்பது வயதின் உரிமை. மே மாதத்தில் எனக்குக் குளிர்ந்தால் அது என் சொந்த விஷயம்.

ஆனாலும் நிபந்தனை நிபந்தனைதான். ஒப்புக்கொள்கிறேன். என் பக்கத்து நிபந்தனை இது. உன் மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காலையில் அதுவே காட்டும் என்று லீலாபாய் சொல்கிறாள். அதை எழுதி வாரம் மூன்று கார்டு அனுப்பு. இருபது கார்டு இத்துடன் வைத்திருக்கிறேன், முகவரி எழுதியே. ஐந்து மணி நேரத்தைத் தொட்ட கார்டு என் கைக்கு வரும் நாளன்று நான் ரத்தம் கொடுக்கப் போவேன். அதற்கு முன்னால் இல்லை.

கழுத்தைப் பிடிக்கிறதென்றால், படுக்கும்போது மட்டும் மாட்டாதே. பகலில் பேப்பர் வாசிக்கும்போது மாட்டிக்கொண்டு உட்கார். புதுச் செருப்பை வீட்டுக்குள் போட்டுப் பழகுவது போல. யாராவது வந்து பார்த்தால் பார்க்கட்டும். வெட்கப்பட்ட ஒருவர் நம் குடும்பத்தில் இருந்தது போதும்.

அக்கா


(போஸ்ட் கார்டு) 20.9.24
1 மணி 40 நிமிடம். பேப்பர் வாசித்தேன். மீன்காரன் சோமன் பார்த்துவிட்டு, "ஐயோ, ஆக்ஸிஜன் வச்சாச்சா!" என்று கத்தினான். அரைக் கிலோ சாளை சும்மா கொடுத்துவிட்டுப் போனான். தாசு.

(போஸ்ட் கார்டு) 27.9.24
3 மணி 5. மூக்கு வறண்டு எரிந்தது. மெஷினில் தண்ணீர் ஊற்ற மறந்திருக்கிறேன். தாசு.

(போஸ்ட் கார்டு) 2.10.24
0. எறிந்துவிட்டேன். திட்டாதீர்கள். தாசு.

(போஸ்ட் கார்டு) 9.10.24
5 மணி 20! காலையில் தலைவலி இல்லை. பல வருஷம் கழித்து ஒரு கனவு கண்டேன். கனவில் அத்தான் வந்து, நம் வீட்டில் தங்குகிறேன் என்றார். இனி உங்கள் முறை. தாசு.


பாறசாலை
28 அக்டோபர் 2024

அன்புள்ள தாசுக்கு,

போனேன். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். பூஜ்யம் என்று எழுதிய கார்டைத்தான் முதலில் எடுத்து வைத்திருக்கிறேன். அதை எழுதி அனுப்பியவன் மற்ற கார்டுகளிலும் பொய் எழுதியிருக்க மாட்டான்.

டாக்டர் பிரசீதா சின்னப் பெண். ஆனால் கேள்விகளை ஒழுங்காகக் கேட்டாள். இரவில் ஏன் தூக்கமில்லை என்றாள். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லக் கூச்சமாக இருக்கும். படுத்தவுடன் காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருக்கும். எழுந்து நடந்தால் நிற்கும், படுத்தால் தொடங்கும். விடுதியில் கால் ஆட்டினாலே பிரம்பு. எனக்கு இந்த வயதில் கால் ஆட்டும் வியாதி என்று எப்படிச் சொல்வது? நடு இரவில் ஹாலில் நடந்துகொண்டே ஜெபம் செய்வேன். ஆண்டவர் ஜெபிக்கத்தான் எழுப்புகிறார் என்று நினைத்திருந்தேன்.

அவள் சிரிக்கவில்லை. ரத்தத்தில் இரும்புச் சத்து குறைந்தால் காலில் இப்படி வருவது உண்டு என்றாள். என் ஹீமோகுளோபின் ஏழரை. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். எங்காவது ரத்தம் கசிகிறதா என்று வேறு சோதனைகளும் செய்தார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை. "என்ன சாப்பிடுறீங்க அம்மா?" என்றாள். கஞ்சி, பயறு, ஊறுகாய், உடனே ஒரு கட்டன் சாயா. மூன்று வேளையும் அதுதான். தனி ஆளுக்கு யார் மீன் வாங்கிச் சமைப்பார்கள்? சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயா, உள்ளே போகும் கொஞ்சம் இரும்பையும் உடம்பில் சேர விடாதாம். எட்டு வருடமாக நானே என் ரத்தத்தைச் சாயாவில் கரைத்திருக்கிறேன்.

முதலில் ஊசி வழியாக இரும்பு ஏற்றினார்கள். இப்போது மாத்திரை. சாயா இரண்டு மணி நேரம் கழித்துத்தான். வாரம் மூன்று நாள் மீன்.

ஒப்புக்கொள்கிறேன். பாட்டுப் புத்தகம் கை வழுக்கி விழவில்லை.

அக்கா


ஒற்றசேகரமங்கலம்
27.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வந்து தங்கின உங்களை நேற்று கொண்டுவிட்டபோது நீங்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையைத் தவறவிட்ட கோபம். அதற்குக் காரணம் நான்தான். எழுத்தில் சொல்கிறேன், எழுத்தில் எனக்குப் பொய் வராதே.

ஐந்து மணி ஆராதனைக்கு நாலு மணிக்கே உங்களை எழுப்ப லீலாபாய் வந்தாள். நான் கதவுக்கு முன்னால் நின்றேன். "மைனி எழும்பினா நம்ம ரெண்டு பேரையும் கொன்னுபோடுவாங்க" என்றாள். "கொல்லட்டும். கொல்லுறதுக்குத் தெம்பு வரட்டும், உறங்கட்டும்" என்றேன். நீங்கள் ஒன்பது மணிக்குப் படுத்தவர். ஏழே முக்காலுக்கு எழுந்தீர்கள். ஒருதடவைகூட ஹாலில் நடக்கவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, தப்பென்றால் மன்னியுங்கள். நம் இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். ராத்திரி முழுவதும் என் மெஷின் நிற்காமல் காற்று ஊதுகிற சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு ஓடுகிறது என்று தெரிந்ததால் உறங்கினீர்களோ?

இனி முக்கியமான விஷயம். நீங்கள் குறட்டை விட்டீர்கள். நல்ல குறட்டை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அத்தானின் வாட்ச் கூடத்து மேசையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு உங்கள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். லீலாபாய் தனியாக ஆராதனைக்குப் போனாள். ஒரு மணி நேரம் எண்ணினேன் அக்கா. ஒரு தடவைகூட நிற்கவில்லை. அதுதான் என் கிறிஸ்துமஸ் ஆராதனை.

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நாற்பத்தொன்று இப்போது மூன்று. ராபின்சன் சாரிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். வாசித்துவிட்டு, "டாக்டர் எழுதினது சரி. ஆனா உங்கள நிறுத்தினது டாக்டர் இல்லியே. நிறுத்தச் சொன்னவங்க கையெழுத்து வேணும்" என்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

எழுதுவீர்களா?

தாசு


பாறசாலை
2 ஜனவரி 2025

அன்புள்ள தாசுக்கு,

நான் குறட்டை விடுவதில்லை. நீ நாற்காலியில் தூங்கிப்போய் உன் குறட்டையையே எண்ணியிருப்பாய்.

சுவரைப் பற்றி நீ எழுதியது தப்பில்லை.

ராபின்சனுக்கு எழுதிய கடிதத்தை உறை ஒட்டாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. மூன்றே வாக்கியம். "என் தம்பி விஜயதாஸ் நல்ல டிரைவர். இப்போது இரவில் தூங்குகிறான், பகலில் விழித்திருக்கிறான். பஸ்ஸை அவனிடம் கொடுங்கள், அவன் மெஷின் போடாத நாளில் எனக்குத் தெரிந்துவிடும், அன்றே உங்களுக்கும் தெரிவிப்பேன்." கடைசி வாக்கியம் சற்று நீண்டுவிட்டது. அது அப்படியே இருக்கட்டும்.

வாட்சை உங்கள் மேசையிலேயே விட்டு வந்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். அதை நீ கட்டிக்கொள். அத்தான் உன் வீட்டில் தங்கட்டும்.

ரதீஷிடம் என் நன்றியைச் சொல். கடைசி இரண்டு மாதம் அவனும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை எட்டு பத்துக்குக் கேட்டருகே நிற்பேன். செய்தித்தாளை ஏழு மணிக்கே எடுத்துவிடுவேன், ஆகவே எதற்கு நிற்கிறேன் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும். தெரியட்டும். இரண்டு தடவை அடிக்க வேண்டாம், மெதுவாக ஒரு தடவை போதும். பின் சீட்டில் ஏதாவது ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

உன் அக்கா,
விமலகுமாரி